நிழலில் வைத்த மீன்

பாலத்துக்கடியில் எங்கள் வாராவதி மீன் மார்க்கெட்டில் ஒரு கோடையில் வாரக்கணக்கில் ஐஸ் இல்லாமல் மீன் விற்றோம், ஒரு மீன்கூடக் கெடவில்லை, ஒரு கிராக்கிகூடச் செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை என்று சொன்னால், இப்போது புதிதாகக் கடை போட வந்திருக்கும் பெண்கள் நம்புவதில்லை. நடக்காத காரியம் என்பதற்காக அவர்கள் நம்பாமல் இல்லை, அப்படி ஒன்று கைக்கு வந்தால் யாராவது விட்டுவிடுவார்களா என்றுதான் கேட்கிறார்கள்.

லீசா வந்தது மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் அவள் பள்ளிக்கூட டீச்சர். பெரிய பெரிய ஊர்களாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நாள் தங்கி, கூட்டத்தையும் கடைத்தெருவையும் போட்டோ பிடித்துக்கொண்டு, எங்கள் பட்டணத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் பறக்கிற திட்டத்தில் வந்தவள். டெல்லியில் அவள் இருந்தபோது புகைமூட்டம், கல்கத்தாவில் விடாத மழை, பம்பாயில் அவள் நடந்த சந்துகளில் தலைக்கு மேல் வானமே தெரியவில்லையாம். அதனால் இந்த நாட்டு வெயில் முழுசாக அவள் மேல் விழுந்தது எங்கள் மார்க்கெட்டில்தான், அதுவும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியே இங்கிலீஷ் கற்றுக்கொண்ட ஆட்டோக்கார கவுஸ் பாய், பாலத்தின் மேலே போயிருக்க வேண்டிய வண்டியை, மீன்காரர்களைப் பார்க்கிறீர்களா என்று கேட்டுக் கீழே இறக்கியதால்தான்.

அவள் அஞ்சலாட்சியின் தட்டுக்கு முன்னால் நின்று வெகுநேரம் போட்டோ எடுத்தாள். கிராக்கியை மறைக்கிறாளே என்று அஞ்சலாட்சி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்த்தால், லீசாவின் நிழல் விழுந்த இடத்தில் இருந்த சங்கரா மீன்கள் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரி விறைத்து, கண் பளபளவென்று, மேலே பொடிப்பொடியாக வெள்ளைப் பனி பூத்துக் கிடந்தன. நிழலுக்கு வெளியே இருந்தவை வழக்கம்போல வாடிக் கிடந்தன. அஞ்சலாட்சி கையை நீட்டி நிழலுக்குள் வைத்தாள், எடுத்தாள், புடவையில் துடைத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, ஐஸ்கார ஏகாம்பரத்தை இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு என்றாள். அங்கிருந்த பூனைகள் எங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டு அவள் நிழலின் விளிம்பில் வரிசையாகப் படுத்திருந்தன.

ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் நாட்டில் எல்லாருடைய நிழலும் அப்படித்தான் இருக்கும் என்றாள் ஒருத்தி, அங்கே குளிரோடு குளிர் சேர்ந்துபோவதால் யாருக்கும் தெரியாமல் இருக்கும் என்றாள் இன்னொருத்தி, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மீன்காரிக்குக் காரணத்தைப் பற்றி என்ன கவலை, பொழுது ஏற ஏற மீன் தளர்ந்து இறங்கும், அது ஒன்றுதான் எங்களுக்குக் கவலை. எந்நேரமும் விரலால் மீனின் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்போம், குழி மேலே வருகிறதா அப்படியே நிற்கிறதா என்று. அந்தக் கவலையிலேயே எங்களுக்கு நரை விழுந்துவிடும்.

முதலில் எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அஞ்சலாட்சி அவளைத் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னாள், ஓட்டல் எதற்கு, பொம்பளைப் பிள்ளை தனியாக. நாங்கள் அவளுக்குப் புடவை கட்டினோம், தலையில் கனகாம்பரம் வைத்தோம், கடம்பா மீனை எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று காட்டினோம். அவளும் சிரித்துச் சிரித்து, வீட்டுக்குப் போகிற டிக்கெட்டை ஒரு தடவை அவளே தள்ளிப் போட்டாள். இத்தனை பெரிய ஊர்களைச் சுற்றியும் யாரும் தன்னை இப்படித் தேவைப்பட்டவளாக நடத்தியதில்லை என்று கவுஸ் பாயிடம் சொன்னாளாம். கைபேசியில் மகனைக் காட்டினாள். பெயர் யோனாஸ், முன்பல் இரண்டும் விழுந்த பையன், அப்பா இல்லை, பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அவன் பிறந்தநாளுக்குள் வந்துவிடுகிறேன் என்று கையில் அடித்துச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் அத்தனை பேரும் அந்தப் படத்தைச் சுற்றி நின்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தோம். என் பிள்ளைக்குக்கூட நான் அப்படி முறித்ததில்லை.

அவளை மார்க்கெட்டின் நடுவே, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்துவது என்று முடிவானது, உயரமாக நின்றால்தானே நிழல் நீளும். காலையில் நிழல் மேற்கே பாலத்துத் தூண் வரை போகும், அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு யோகம். பொழுது ஏற ஏற உள்ளே சுருங்கும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே திரும்பும். முதல் வாரத்திலேயே சண்டை வந்துவிட்டது, மண்டை உடையும் அளவுக்கு. அப்புறம் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடிப்பதைப் போல, நிழல் வந்து விழப்போகிற இடங்களில் விடியும்போதே செங்கல்லும் உடைந்த பக்கெட்டும் அறுந்த செருப்பும் வைத்து இடம் பிடித்தோம். நிழல் நகர நகரக் கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக நகர்ந்தோம், கோயிலைச் சுற்றுகிற மாதிரி, ஒருத்தி பின்னால் ஒருத்தி. தலையின் நிழல்தான் ரொம்பக் குளிர், அதில் வஞ்சிரம். தோளிலும் மார்பிலும் சங்கரா, பாறை. இடுப்புக்குக் கீழே சுறாவும் திருக்கையும். சூரியன் உச்சிக்கு வந்ததும் கையை விரித்து நிற்கச் சொன்னோம், கை நிழல் ஒல்லி, ஆனால் நெத்திலிக்குப் போதும்.

எங்கள் நீலத் தார்ப்பாய்களை நாங்களே அவிழ்த்துச் சுருட்டி வைத்தோம், வெயில் இல்லாமல் நிழல் ஏது. எங்கள் தலையும் காய்ந்தது, அதையும் சொல்ல வேண்டும், அவள் ஒருத்தி மட்டும்தான் காய்ந்தாள் என்பதில்லை.

அவள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். தொப்பியின் நிழல் விழுந்த இடத்து மீன்களுக்கு மட்டும் கண் பூத்துப்போனது. அது கடையில் வாங்கிய தொப்பி, அதன் நிழல் சாதாரண நிழல். ஆகையால் தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டோம். குடை கேட்டாள், குடையும் அப்படித்தானே என்று புரிய வைத்தோம். மூக்கும் தோளும் சிவந்து, பிறகு கொப்பளித்து, பிறகு தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. மோரும் கற்றாழையும் தடவினோம். நிழலும் உடம்புதானே, உடம்பு பெருத்தால் நிழல் பெருக்கும் என்று யாரோ சொல்ல, ஆளாளுக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து ஊட்டினோம். காரம் தாங்காமல் அவளுக்கு வயிறு கெட்டு, பாதியாக இளைத்துவிட்டாள், ஓரத்துக் கடைகளுக்கு நிழல் எட்டவில்லை. யார் குழம்பில் காரம் அதிகம் என்று அன்றைக்கு ஒரு சண்டை.

ஏகாம்பரம்தான் பாவம். ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், தள்ளிக்கொண்டு போவார், வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். முதலில் சூனியம் என்று கத்தினார், போலீசுக்குப் போவேன் என்றார், கடைசியில் ஒருநாள் தன் ஐஸ் பாளங்களையே கோணியில் சுற்றிக் கொண்டுவந்து, உருகாமல் இருக்க அவள் நிழலில் கொஞ்சம் இடம் கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பாலத்தின் மேல் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மகனின் பிறந்தநாள் நெருங்க நெருங்க லீசாவுக்குச் சிரிப்பு நின்றது. அவள் பாஸ்போர்ட் அஞ்சலாட்சி வீட்டு அரிசி டிரம்முக்குள் பத்திரமாக இருந்தது, திருட்டு அதிகமான ஏரியா, அதனால்தான். ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட்டால் ஒருநாள் பஸ் ஸ்டிரைக் என்று கவுஸ் பாய் சொன்னார், ஒருநாள் ரோடு தோண்டியிருக்கிறார்கள் என்றார், அவர் வீட்டுக்குத் தினம் வஞ்சிரம் போய்க்கொண்டிருந்தது. மற்ற ஆட்டோக்காரர்கள் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாங்கள் அவளைக் கட்டிப்போடவில்லை, பூட்டி வைக்கவில்லை, ஒருத்தர் கூட அதட்டிப் பேசியதில்லை. அவள் பெட்டியை விட்டு இறங்கி நடந்தால் எல்லாரும் கூடவே நடந்தோம், தலையில் கூடையோடு, அவள் நிழலை விட்டுவிடாமல், கண்ணு கண்ணு என்று கூப்பிட்டபடியே. மெயின் ரோடு வரை போவாள், அந்தக் கூட்டத்தில் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்பாள், நின்றதும் நாங்கள் கூடைகளை இறக்கி அங்கேயே வியாபாரம் பார்ப்போம்.

தமிழ் கொஞ்சம் வந்திருந்தது. ஒரு காலையில் அஞ்சலாட்சியின் முன்னால் வந்து நின்று, "நான் போறேன்" என்றாள்.

"போறேன்னு சொல்லக்கூடாது கண்ணு, அபசகுனம். போய்ட்டு வரேன்னு சொல்லணும்."

அவள் யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "போய்ட்டு வரேன்."

"அதான் வரப் போறியே, அப்புறம் இன்னாத்துக்குப் போற? மேல ஏறு."

எல்லாரும் சிரித்தோம். லீசா பெட்டியின் மேல் ஏறினாள். ஆனால் அன்றைக்கு அவள் நின்றுகொண்டே அழுதாள், சத்தம் இல்லாமல். அந்தக் கண்ணீர்த் துளிகளின் நிழல்கூடக் கீழே ஊசி மாதிரி குளிர்ந்து விழுந்தது. பெற்ற பிள்ளை அங்கே வழி பார்க்குமே என்று ஒரு பக்கம், இவள் போய்விட்டால் சித்திரை வெயிலில் மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு பக்கம், இரண்டு பக்கமும் என்னை இழுத்தது. இரண்டாவது பக்கம் கொஞ்சம் பலமாக.

வழி சொன்னது தேசம்மா. மீன் ஆய்ந்து கொடுக்கிற வரிசையில் மூத்தவள், பிறந்ததிலிருந்து அரிவாமணையில் உட்கார்ந்தே வளர்ந்த மாதிரி இருப்பாள்; நாக்கு மீனின் தோலை ஒரே இழுப்பில், கிழியாமல், மேல்சட்டை கழற்றுவதைப் போல உரித்துவிடுவாள். இருநூறு பேர் கூட்டத்தில் கத்தினாலும் அவள் தலை நிமிராது. அன்றைக்கு நிமிர்ந்தாள்.

"ஏண்டி, உங்களுக்கு வேண்டியது பொண்ணா, நெழலா?"

கத்தியைத் துடைத்துக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"நெழலுதானே. அதுக்கு எதுக்கு முழு ஆளையும் வெச்சினு சோறு போட்டுனு கெடக்கறீங்க? அத்த உரிச்சி வாங்கிக்கினு அவள அனுப்புங்க. தாயும் புள்ளையும் ஒண்ணு சேரட்டும், நமக்கும் புண்ணியம்."

எல்லார் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது. இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். கவுஸ் பாயைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னோம். அவர் இங்கிலீஷில் என்ன சொன்னாரோ, நகம் வெட்டுகிற மாதிரி என்றுதான் சொன்னதாகப் பிறகு எங்களிடம் சொன்னார். நிழலைக் கொடுத்துவிட்டால் இன்றைக்கே வண்டியில் ஏற்றி ஏர்போர்ட்டில் விட்டுவிடுகிறேன், மத்தியான விமானத்தில் போய்விடலாம், பிறந்தநாளுக்கு வீட்டில் இருக்கலாம் என்றாராம். லீசா தன் கைபேசியைத் திறந்து மகனின் படத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

அஞ்சலாட்சி பாஸ்போர்ட்டை எடுத்துவந்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, முந்தானையால் துடைத்து அவள் கையில் வைத்தாள். லீசா மணையில் உட்கார்ந்து, நலங்கு வைக்கக் கால் நீட்டும் கல்யாணப் பெண்ணைப் போல இரண்டு பாதங்களையும் நீட்டினாள். தேசம்மா குதிகாலில் சாம்பலைத் தேய்த்தாள், வழுக்கக்கூடாதே. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, அரிவாமணையைச் சாய்த்து, குதிகாலும் தரையும் சேருமிடத்தில் நுனியைக் கொடுத்து, செவுளுக்கடியில் பிளப்பதைப் போல ஒரு கீறல், அப்புறம் கட்டை விரலை உள்ளே விட்டு மெல்ல மெல்லப் பிரித்தாள். ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம் வந்தது. ரத்தம் வரவில்லை, ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து வடிகிற மாதிரி கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. லீசா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இரண்டாவது காலும் விட்டதும் அவள் உடம்பு முழுக்க ஒரு உதறு உதறி அடங்கியது. அவ்வளவுதான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வெயிலில் நடந்தாள். அவளுக்குக் கீழே தரை வெறுமனே கிடந்தது. மகனுக்கு என்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தோம். அவள் ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்தாள், தேசம்மாவைக்கூட. சிலர் அழுதோம்.

நான்கு பேர் நிழலின் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கிச் சிமெண்டு மேடையில் விரித்தோம். அடேயப்பா, அன்று காலை அந்தக் குளிர். இனி சூரியனும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம், நகரவும் வேண்டாம். தார்ப்பாய்களை மறுபடி கட்டி, அதன் கீழே சொகுசாக உட்கார்ந்து, எல்லா மீனையும் ஒன்றாக அதன் மேல் பரப்பி வைத்தோம். ஆளுக்கு ஒரு முழம் அறுத்துப் பங்கு வைத்துவிடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது.

மத்தியானம் நான்தான் முதலில் கவனித்தேன், எனக்கு எதையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற புத்தி. நிழலை விரலால் அழுத்தினேன், குழி மேலே வரவில்லை. யாரிடமும் சொல்லப் பயந்து ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். சாயங்காலத்துக்குள் ஓரங்கள் கொழகொழவென்று ஆகி, பச்சை பாய்ந்து, ஈ மொய்த்தது. உடலிலிருந்து பிரித்த எதுவும் நிற்காது என்று மீன்காரிக்குத் தெரியாதா. தெரிந்தவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தோம், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. கழுவினோம், உப்பு போட்டோம், மஞ்சள் போட்டோம். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டனுப்பி அவர் வண்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் வாங்கி அதன் மேல் கொட்டினோம். நிழலைக் காப்பாற்ற ஐஸ். அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் அவமானமாக இருந்தது. ராத்திரி அது ஏதோ சேறு மாதிரி மேடையிலிருந்து வழிந்தது, நாற்றத்தில் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். விடியற்காலையில் வந்த குப்பை வண்டியில் வாரிப் போட்டுவிட்டு, பினாயில் ஊற்றி மேடையைக் கழுவினோம். தேசம்மா கத்தியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். தேசம்மா தலை நிமிராமல் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

குப்பை வண்டி போய்க் கொஞ்ச நேரத்திலேயே லீசா வந்தாள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா.

கவுஸ் பாய்தான் நடந்ததைச் சொன்னார். ஏர்போர்ட் வாசலில் காவலுக்கு நின்றவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு பழக்கத்தில் தரையைப் பார்த்தாராம். வரிசையில் நின்ற எல்லாருக்கும் காலடியில் ஒன்று இருந்தது, இவளுக்கு இல்லை. நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் பேசினார். வரும்போது உங்களோடு ஒன்று வந்திருக்குமே அம்மா, அது இல்லாமல், அன்றைக்கு வந்தவர் நீங்கள்தான் என்று நான் எப்படி நம்பி உள்ளே விடுவது, எங்கே விட்டீர்களோ போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். ஷிஃப்ட் மாறி வேறு ஆள் வந்தார், அவரும் அதையே சொன்னார். ராத்திரி முழுக்க அந்த வாசலில் நின்றுவிட்டு, விடிந்ததும் இங்கே வந்துவிட்டாள். அடுத்த விமானம் சாயங்காலம், அதைப் பிடித்தால்கூடப் பிறந்தநாளுக்குப் போய்விடலாமாம்.

அவள் ஈரம் காயாத மேடையைப் பார்த்தாள். "என் நெழல்?" என்று அஞ்சலாட்சியிடம் கேட்டாள், எங்களிடம் கற்றுக்கொண்ட எங்கள் பேச்சிலேயே.

"போச்சும்மா. நாறிப் போச்சு."

கவுஸ் பாய் அதை மொழிபெயர்க்க வாயெடுத்தார், தேவைப்படவில்லை. லீசா அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் எங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாராவது ஒருத்தர் உங்க நெழலக் குடுங்கன்னு கேக்குறாங்க. யாருதுன்னு வாசல்ல பாக்க மாட்டாங்களாம், ஒண்ணு இருந்தா போதுமாம். வீட்டுக்குப் போய்ச் சேர்றவரைக்கும். அது அழுகறதுக்குள்ள போய்டலாம்னு சொல்றாங்க."

லீசா அஞ்சலாட்சியின் முன்னால் உட்கார்ந்து, வெயிலில் நீண்டிருந்த அந்தப் பாதங்களைப் பார்த்தாள். அஞ்சலாட்சி வீட்டில்தான் அவள் தூங்கினாள், அஞ்சலாட்சி கையால்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். அஞ்சலாட்சி மெல்ல, ஏதோ கால் மரத்துப்போன மாதிரி, பாதங்களைத் தார்ப்பாயின் நிழலுக்குள் இழுத்துப் புடவைக்கடியில் மடக்கிக்கொண்டாள். லீசா பக்கத்துக் கடையைப் பார்த்தாள். அவளும் இழுத்துக்கொண்டாள். வரிசையாக ஒவ்வொருத்தியும். நானும். மீன் பெட்டிகளின் மேல் கோழிகள் மாதிரி கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒரு நிழல்கூட வெளியே தெரியாமல். தேசம்மா அரிவாமணையோடு சேர்த்து நகர்ந்து உள்ளே போய்விட்டாள். கவுஸ் பாய் எப்போது ஆட்டோவுக்குள் ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் வரத் தொடங்கியிருந்தது, பைகளை ஆட்டிக்கொண்டு, விலை கேட்டுக்கொண்டு. லீசா வழியின் நடுவில் இருந்தாள்.

அஞ்சலாட்சி தராசைத் துடைத்துக்கொண்டே, "ஓரமா நில்லும்மா," என்றாள். "கிராக்கி வர்ற வழி."

அவள் எழுந்து ஓரமாகப் போனாள். அவள் நகர்வதற்கு முன்னாலும் நகர்ந்த பின்னாலும் அந்த இடத்தில் வெயில் ஒரே மாதிரிதான் கிடந்தது.